கம்பியால் கட்டிய எண்

இவன் இடிக்கவில்லை. இரண்டே சொல். வாயைத் திறந்தால் தானாக வந்துவிடும்.

வாய் திறக்கவில்லை. சக்கரத்தைச் சுழற்றி, ரிம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்கினேன். மறுபடி சுழற்றினேன். கோட்டம் எடுக்கும்போது யாரும் என்னிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. அன்று காலையிலிருந்து மூன்று சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்திருந்தேன். அதில் இரண்டில் கோட்டமே இல்லை.

கடை வாசலில் புயல் நின்றிருந்தான். பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன். சந்து முனையில் மணியடிக்க மாட்டான். "ஓரம் போ, ஓரம் போ" என்று கத்திக்கொண்டே வருவான். அதனால் வந்த பெயர். அவன் சைக்கிளை அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் நடந்து வந்திருந்தான். நடக்கிற புயலை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆள் பாதியாகத் தெரிந்தான்.

"என்னப்பா, புயல் கரையைக் கடந்தாச்சா?" என்று பக்கத்து சலூன்காரர் சீப்பும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"சிரிங்கண்ணே, நல்லாச் சிரிங்க. என் காதைக் கத்தரிச்சுட்டு, நீதான்டா தலைய ஆட்டினேன்னு சொன்ன ஆளுதானே நீங்க."

"பின்ன, ஆட்டலையா?"

"காது போனப்புறம் ஆட்டினேன்." என் பக்கம் திரும்பினான். "மெக்கானிக்கம்மா, நீங்களே சொல்லுங்க. ரோட்ல நாலு பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், இல்லைங்கல. இடிச்சுட்டு ஓடியிருக்கேனா? இடிச்சா, இறங்கி நின்னு சண்டை போடுற ஆளு நான்."

"அது என்னவோ வாஸ்தவம்," என்றார் சலூன்காரர்.

"அந்த நேரத்துல எங்கடா இருந்தேன்னு கேக்குறாங்க. பேக்கரிக்குப் பின்னாடி மாவு மூட்டை மேல தூங்கிக்கிட்டிருந்தேன். தூங்குறவன் சாட்சி வெச்சுக்கிட்டா தூங்குவான்?"

நான் சக்கரத்தைச் சுழற்றினேன்.

அதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை, நல்ல மழையில், மாலை நாலரை மணிக்கு, தபால் ஆபீஸ் திருப்பத்தில் நூலகத்து அம்மாவை ஒரு சைக்கிள் இடித்துத் தள்ளியது. முப்பது வருஷம் நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடப்பாரா என்று மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஓட்டியவர் தலைவரை மூடிய மழைக்கோட்டு போட்டிருந்தார். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. நிற்காமல் போய்விட்டார். தபால் ஆபீஸ் வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருவர் சைக்கிளின் பின்னாலிருந்த எண் தகட்டைப் பார்த்து எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். 2207. புயலின் எண்.

அந்தத் தகட்டை அவனுக்குப் பொருத்திக் கொடுத்தவள் நான்.

சைக்கிளுக்கும் எண் வேண்டுமா வேண்டாமா என்று நகர மண்டபத்தில் கூட்டம் போட்டது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால். காருக்கு எண் இருக்கிறது, லாரிக்கு இருக்கிறது, சைக்கிள்காரன் மட்டும் காற்றா, வந்தான் போனான் என்று விட்டுவிடுவதா என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மனதாரத்தான் தட்டினேன். சைக்கிள் ஓட்டுகிறவர்களை என்னைவிட யாருக்குத் தெரியும்? பிரேக் கட்டை தேய்ந்து போய் ஆறு மாதம் காலால் தேய்த்து நிறுத்திவிட்டு, பெல் மட்டும் மாற்றிக் கொடு என்று வந்து நிற்பார்கள். நூலகத்து அம்மா எழுந்து, "நம்பரைப் பார்த்துட்டா ஆளைப் பார்த்ததா ஆயிடுமா?" என்று கேட்டார். "உக்காருங்கம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் உட்கார்ந்தார்.

ஒரு ஆளுக்கு ஒரு தகடு என்று விதி வந்தது. எங்கள் பகுதிக்குத் தகடு பொருத்துகிற உரிமை எனக்குக் கிடைத்தது. ஒரு முத்திரை கொடுத்தார்கள், ஒரு பதிவேடு கொடுத்தார்கள். முத்திரையைத் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். கடை தொடங்கிப் பதினோரு வருஷத்தில் என்னை யாரும் அதிகாரி மாதிரி நடத்தியது அப்போதுதான். பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் விதி எழுதியவர்கள் கடை நடத்தியவர்கள் இல்லை. ஒரு வண்டியை வேலைக்கு விட்டால் இரண்டு நாள் ஆகும். அதுவரை ஆள் எதில் போவான்? அதற்காகக் கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று என்று இரண்டு மாற்று வண்டிகள் வைத்திருக்கிறேன். அவற்றுக்குத் தகடு கிடையாது. கடைக்குத் தகடு கொடுக்க விதியில் இடமில்லை. தகடில்லாமல் ஓட்டினால் அபராதம். அதனால், வேலைக்கு விட்டவரின் தகட்டைக் கழற்றி, மாற்று வண்டியின் சீட்டுக்குப் பின்னால் கம்பியால் கட்டிக் கொடுத்துவிடுவேன். அப்படிச் செய்யக் கூடாதுதான். ஆனால் அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. எண் இரும்போடு போவதைவிட ஆளோடு போவதுதானே நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் இரண்டு வண்டிகள் ஒன்றாக வந்தன. புயலுக்கு ஃப்ரீவீல் வழுக்கியது. இன்னொருவருக்குப் பின்சக்கர ரிம் நெளிந்திருந்தது. இரண்டு தகடுகளையும் கழற்றி ஒரே டப்பா மூடியில் போட்டேன். இரண்டிலும் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் காற்றடிக்கிற குழாய் வெடித்து, சலூன்காரர் "ஐயோ" என்று கத்தி, நான் ஓடி, திரும்பி வந்து அவசரமாகத் துடைத்துக் கட்டினேன். புயல் கறுப்பு வண்டியில் போனான். பச்சை வண்டியில் போனது என் அக்கா.

மறுநாள் சாயங்காலம் இரண்டும் திரும்பி வந்தன. கம்பியை அவிழ்க்கும்போதுதான் பார்த்தேன்: கறுப்பு வண்டியில் அக்காவின் 1865, பச்சையில் புயலின் 2207. மாற்றிக் கட்டியிருக்கிறேன். தனியாக நின்று சிரித்தேன். ஒரு நாள் முழுக்க நீதான் புயல் என்று அக்காவிடம் சொல்லிக் கிண்டல் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தகடுகளை அவரவர் வண்டியில் பொருத்தினேன். பச்சை வண்டியின் பெல் நசுங்கி, இடது கைப்பிடி உரசியிருந்தது. "சுவத்துல சாத்தியிருந்தேன்டி, விழுந்துடுச்சு," என்று அக்கா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெல்லை மாற்றினேன்.

நூலகத்து அம்மா விழுந்தது எனக்கு அப்போதே தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் திங்கட்கிழமை புயலுக்கு நோட்டீஸ் வந்து, அவன் கடைக்கு வந்து எண்ணையும் நாளையும் நேரத்தையும் சொன்ன பிறகுதான், என் கையிலிருந்த ஸ்பேனர் என்னவென்றே எனக்குத் தெரியாமல் போனது.

அன்றிலிருந்து, புயல் நடந்து வந்து நின்ற இந்தச் சனிக்கிழமை வரை ஐந்து நாட்கள் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

முந்தின நாள் தகடு சார் வந்திருந்தார். போக்குவரத்து அலுவலகத்தில் சைக்கிள் எண்களைப் பார்த்துக்கொள்கிறவர். மெதுவாகப் பேசுகிறவர், நாற்காலி கொடுத்தால் தூசு தட்டாமல் உட்காருகிறவர். ஒரு தாளை எடுத்து வைத்தார். மேற்படி தகடு மேற்படி தேதியில் மேற்படி நபர் ஓட்டிய வாகனத்திலேயே இருந்தது எனச் சான்றளிக்கிறேன்.

"ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அவ்வளவுதாம்மா. திங்கக்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவந்து கொடுத்துடுங்க."

"கொடுத்தா என்ன ஆகும் சார்?"

"வழக்கு மேல போகும். காயம் பெருசு, நிக்காமலும் போயிருக்கான். ஆறு மாசமாவது உள்ள இருக்க வேண்டி வரும்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தகடு மட்டும் இல்லேன்னு வெச்சுக்குங்க, யாருன்னே தெரியாம போயிருக்கும். நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்தேன். தகடு இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நூலகத்து அம்மாவின் மகன் யாரிடமோ இரவல் வாங்கி, ஒரு பக்கம் இழுக்கிறது, சரி பண்ணிக் கொடுங்கள் என்று விட்டுப் போனது. சைக்கிள் சக்கரம்தானே அதிலும். மகனே வந்து எடுத்துக்கொள்வதாகத்தான் பேச்சு.  மூன்று தெருக்கள் அந்தக் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் வழிவிட்டார்கள்.

கடைசிக் கட்டில். மெலிந்த கைகள் போர்வைக்கு மேலே இருந்தன. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"தகடு போடுற பொண்ணுதானே நீ? அன்னிக்கு முன் வரிசையில உக்காந்து கைதட்டின."

"ஆமாம்மா."

"பரவாயில்ல, நீ ஜெயிச்சுட்ட. நம்பர் கிடைச்சுடுச்சே." சிரித்தார். சிரிப்பு இடுப்புவரை போய் வலித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நான் நாற்காலியைக் கட்டிலோரம் நிறுத்தி பிரேக்கைப் போட்டேன், எடுத்தேன், போட்டேன்.

"அந்தப் பையன் இங்க வந்தான். நான் இல்லம்மா, நான் இல்லம்மான்னு வாசல்ல நின்னு ஒரே கத்தல். நர்ஸ் பிடிச்சு வெளிய தள்ளிட்டா. என்ன தொண்டை! நூலகத்துல இருந்தப்போ இந்த மாதிரி ஒருத்தன் வந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "யாருன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன், சொல்லு. நம்பரா வந்து என்னைத் தூக்கி உக்கார வைக்கும்? இறங்கி வந்து, அடிபட்டுடுச்சாம்மான்னு ஒரு வார்த்தை. அது போதும். தண்ணியில கெடந்தேன் பாரு, அப்போ அதைத்தான் எதிர்பார்த்தேன். போலீசை இல்ல."

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல வேண்டிய வாய் என் வாய் இல்லை என்று எனக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. சமாதானம் எப்போதும் எனக்குச் சீக்கிரமாகவே கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். தாள் என் பையில் இருந்தது.

அக்கா பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் மாமாவுக்கும் பதினாலு வருஷமாகக் குழந்தை இல்லை. குழந்தைகள் இல்லத்திலிருந்து ஆறு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வளர்க்க இரண்டு வருஷம் முன்னால் எழுதிப் போட்டு, நேர்காணல், மருத்துவச் சான்று, போலீஸ் சான்று என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அவள் வருவதாக இருந்தது. பின்னறைக்கு மாமா வெளிர் மஞ்சள் அடித்திருந்தார். சின்னக் கட்டில். கட்டிலடியில் மூன்று ஜோடிச் செருப்புகள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிதாக.

"அளவு தெரியலடி," என்றாள் அக்கா. "எதுவாவது ஒண்ணு பொருந்தும்ல?"

மாமா திரைச்சீலைக் கம்பி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, பச்சை வண்டியில போனியே, அதுல என்ன நம்பர் கட்டியிருந்துச்சுன்னு பார்த்தியா?"

"என் நம்பர்தான். ஏன்?"

"இல்ல. 2207."

ஊசி துணிக்குள் பாதி போய் நின்றது. அவள் நிமிரவில்லை. வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம், நிறைந்து வழிகிறவரை கேட்டது.

"அதனாலதானா," என்றாள் கடைசியில்.

பிறகு அவளே பேசினாள். "தினமும் கதவு தட்டுற சத்தம் கேட்டா, வந்துட்டாங்கன்னு எந்திரிச்சு நிப்பேன். யாரும் வரல. அப்புறம் கிளினிக்ல பேசிக்கிட்டாங்க, ரொட்டிக்காரப் பையனைப் பிடிச்சுட்டாங்கன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. ஒருவேளை நான் இடிச்சது வேற யாரையோ, அந்தம்மாவை இடிச்சது இவன்தானோன்னுகூட நெனச்சுப் பார்த்தேன்டி. ரெண்டு நாள் அதை நம்பினேன்."

"ஏன்க்கா நிக்கல?"

"அன்னிக்கு அஞ்சு மணிக்கு இல்லத்துலேர்ந்து வீட்டைப் பார்க்க வர்றாங்க. டாக்டர் நாலேகாலுக்குத்தான் விட்டார். மழை. திருப்பத்துல அந்தம்மா குடையோட திடீர்னு... திரும்பிப் பார்த்தேன். ரெண்டு பேர் ஓடி வந்தாங்க. தூக்கிடுவாங்கன்னு நெனச்சேன்." தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள். "வந்தவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? அவசரத்துல குழந்தைகிட்ட எரிஞ்சு விழுவீங்களான்னு. எனக்கு அவசரமே வராதுங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். சிராய்ச்ச முழங்கை எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவங்களுக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். படித்தாள். அவள் எதையும் இரண்டு தரம் படிக்கிறவள். இதையும் இரண்டு தரம் படித்தாள்.

"இதுல நீ கையெழுத்துப் போட்டா?"

"புயல் உள்ள போவான்."

"போடலேன்னா?"

"ஏன் போடலன்னு கேப்பாங்க. கம்பியில கட்டிக் கொடுத்ததைச் சொல்லணும். என் முத்திரை போயிடும். அது போகட்டும். யாருக்கு எந்த வண்டி கொடுத்தேன்னு அடுத்து கேப்பாங்க."

"என் பேர்ல வழக்குன்னு வந்தா, இவளை அனுப்ப மாட்டாங்க," என்றாள் அக்கா. அந்தப் பெண் ஏற்கெனவே அறையில் இருப்பதுபோல மெல்லிய குரலில் சொன்னாள்.

"தெரியும்க்கா."

நான் கட்டிக்கொண்டவனை விட்டு ஒரே ஒரு பையோடு திரும்பி வந்த அன்று, அக்காதான் கதவைத் திறந்தாள். "குளிச்சுட்டு வா, சாப்பிடலாம்," என்றாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, இத்தனை வருஷத்தில் ஒரு தரமும் கேட்கவில்லை. நான் கடை வைத்ததும், தலை நிமிர்ந்து தெருவில் நடப்பதும், அவள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியின் மேல் நின்றுதான். அதற்கு ஈடாக அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை. இப்போதும் அதை நினைவுபடுத்த மாட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நினைவுபடுத்தியிருந்தால் கொஞ்சம் கோபப்பட்டிருப்பேன். கோபம் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிருக்கும்.

"அந்தப் பையனுக்கு வீடு, குழந்தை குட்டின்னு யாரும் இல்லையாமே," என்றாள். சொன்னதும் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாம். நான் அப்படிப் பேசக் கூடாது. நீ பொய்க் கையெழுத்தும் போட வேண்டாம்."

உறையைக் கட்டிலில் வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"தள்ளிப் போடு. உடம்பு சரியில்லன்னு சொல்லு, பதிவேடு காணோம்னு சொல்லு, என்னத்தையாவது சொல்லு. ஒரே மாசம். இவ வந்துடட்டும். வந்து, இந்த வீட்டுல நாலு நாள் தூங்கி எந்திரிச்சுட்டான்னா, அப்புறம் பிடுங்கிட்டுப் போக அவங்களுக்கும் மனசு வராது. அன்னிக்கே நானே போய்ச் சொல்லிடுறேன். அந்தம்மா கால்ல விழுந்துடுறேன். என்னை நம்பு."

நம்பினேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா சொன்னால் செய்கிறவள். ஆனால் அந்த ஒரு மாதத்தை நான் பார்த்தேன். பேக்கரியில் வேறொருவன் ரொட்டி எடுத்துக்கொண்டு போகிறான். புயல் காலையில் நடந்து வந்து என் கடை வாசலில் நிற்கிறான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறான். நூலகத்து அம்மா ஜன்னலைப் பார்த்துக் கிடக்கிறார். ஒரு சின்னப் பெண் இந்தக் கட்டிலில் படுத்து அக்காவை அம்மா என்று கூப்பிடப் பழகுகிறாள், ஒரு நாள் காலையில் அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவதற்காக. எந்த நாள் அதற்குச் சரியான நாள்? அக்காவால் அந்த நாளைத் தேர்ந்தெடுக்க முடியாது. முடிந்துவிட்டால், அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் வாதம் ஆகிவிடும். வாதத்தில் அக்கா ஜெயித்துவிடுவாள். எனக்குத் தோற்கத்தான் ஆசையாக இருந்தது.

"ஒரே மாசம்டி," என்றாள் அக்கா.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் அங்க போறேன்க்கா. நான் செஞ்சதை நான் சொல்லிடுவேன். அதுக்கு முன்னாடி நீ ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தம்மாவைப் பார்க்கணும்னா, எட்டு மணிக்கு வரேன். நடந்தே போயிடலாம். நானும் கூட இருப்பேன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் கோபம் இல்லை. என்னைப் புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்போ, முடியாதுங்கிறியா?"

வாசலில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா தாளை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"முடியாதுக்கா," என்றேன்.